எனக்குத் தெரிந்த ஒரே எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி நீதான்

இன்று காலை பாத்ரூம் கழுவ ஆசிட் பாட்டிலைத் திறந்தேன். மூடி கழன்றதும் மூக்கில் ஏறியது பார் அந்த நெடி, அதோடு நீயும் வந்துவிட்டாய். வடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் சமையலறைக்கு வந்து நிற்பாயே, அப்போது உன் துப்பட்டாவில் இதே நெடிதான் இருக்கும். தலையில் மல்லிகை வைத்திருந்தாலும் அதையும் மீறிக்கொண்டு வரும். "போய்க் குளிச்சிட்டு வாடி, குமட்டுது" என்பேன். "ஹைட்ரோகுளோரிக்டி இது. எங்கப்பா ஒன்றரை லட்சம் குடுத்து வாங்கிக் குடுத்த சென்ட்டு" என்பாய்.

என் இன்னொரு கையில் பிளீச்சிங் பவுடர் பாக்கெட் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் தரை சீக்கிரம் வெளுக்கும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். ஒருநாள் நீ பார்த்துவிட்டு ஓடிவந்து பாக்கெட்டைப் பிடுங்கினாய். "கதவைச் சாத்திக்கிட்டு இதையும் அதையும் கலந்தா குளோரின் வரும், மேரி. உன்ன தூக்கிக்கிட்டுத்தான் வெளிய வரணும்" என்று நீ கத்தியதில் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கும் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வெறும் ஆசிட்டை மட்டும் ஊற்றித் தேய்த்தேன்.

வியாழக்கிழமையில் நான் என்றைக்கு பாத்ரூம் கழுவியிருக்கிறேன்? ஹாலில் டைனிங் டேபிள் மேல் ஒரு காகிதம் கிடக்கிறது. அதோடு ஒரே அறையில் உட்கார முடியவில்லை. அதனால்தான் பாத்ரூமுக்குப் போய் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தரை பளபளவென்று இருக்கிறது, காகிதம் அப்படியே கிடக்கிறது. சரி, யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஜெனியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெனி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீ போனபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மார்க் மோசமில்லை. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்கிறாள். அரசுக் கல்லூரியில் அவள் முறை வருவதற்குள் கெமிஸ்ட்ரி இடமெல்லாம் தீர்ந்துவிட்டது. கணிதம் இருக்கிறது என்றார்கள், அதை எழுதிவைத்துவிட்டு வந்தோம். வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் கட்டினால் போதும், பஸ் பாஸும் உண்டு. ஆனால் சென்னை போகிற வழியில் இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கும் இவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அங்கே கெமிஸ்ட்ரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்ட நாளைக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவரைக்கும்தான் நேரம். டேபிள் மேல் கிடப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டண விவரம்.

படிப்புக்குத் தொண்ணூற்றைந்தாயிரம். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எண்பத்தைந்தாயிரம். தேர்வு, லேப், லைப்ரரி, இன்னும் எதெதற்கோ சேர்த்து இருபதாயிரம். ஆக வருஷத்துக்கு இரண்டு லட்சம். மூன்று வருஷத்தில் பி.எஸ்ஸி. கையில் வரும்போது ஆறு லட்சம் போயிருக்கும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். மேலே எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம், இன்னொரு நான்கு லட்சம். மொத்தம் பத்து லட்சம்.

எங்களிடம் ஏழு லட்சம் இருக்கிறது. இவருடைய பி.எஃப். அட்வான்ஸும் சீட்டுப் பணமும் சேர்ந்தது. வடக்குத்தில் வாங்கிப் போட்டோமே ஒரு மனை, ஞாபகம் இருக்கிறதா? நீதான் வந்து போர் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்தாய். அங்கே பேஸ்மட்டம் வரைக்கும் போட்டு நிறுத்தியிருக்கிறோம். மேலே எழுப்பத்தான் இந்தப் பணம். இவருக்கு இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ். ரிட்டையர் ஆனதும் இந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். ஆக, வீடு எழும்ப வேண்டும், இல்லையென்றால் ஜெனி கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் தினம் போன் பண்ணுகிறார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் பேசுகிறார்.

"மேடம், ஹண்ட்ரட் பர்சென்ட் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் இருக்கு மேடம்."

"கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுக்கு என்ன சம்பளம் கிடைக்குதுங்க தம்பி?"

"போன வருஷம் ஒரு ஸ்டூடண்ட்டுக்குப் பன்னண்டு லட்சம் பேக்கேஜ் மேடம்."

"அது கெமிஸ்ட்ரியா?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ் மேடம்."

"நான் கெமிஸ்ட்ரி கேட்டேன்."

"அது கேண்டிடேட்டைப் பொறுத்தது மேடம்."

மூன்று நாள், மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் கேண்டிடேட்டைப் பொறுத்ததாகவே இருந்தது. அவரைத் திட்டி என்ன பண்ண? அவருக்கும் தெரியாது. அவரும் ஏதாவது படித்துவிட்டுத்தான் இந்தப் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

நேற்று மத்தியானம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் செலவு. அது மளமளவென்று நிரம்பிவிட்டது, ஹாஸ்டல் பக்கெட்டும் மக்கும் உட்பட. வலது பக்கம் வருமானம். அங்கே எழுத எனக்கு ஒரு எண்தான் தெரியும். பதினேழாயிரம். உன் கடைசிச் சம்பளம். நான் வேறு யாரைப் பார்த்தேன், சொல்? இந்த பிளாக்கில் இன்ஜினியர் பிள்ளைகள் இருக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறாள், பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்று எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான். பத்து லட்சத்தைப் பதினேழாயிரத்தால் வகுத்தேன். கிட்டத்தட்ட ஐம்பத்தொன்பது மாசம் வந்தது. சோறு தின்னாமல், பஸ் ஏறாமல், ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்காமல் ஐந்து வருஷம். தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

உன்னுடைய கணக்கு இதைவிட மோசம். அதற்கு நான் பொறுப்பு. இருபத்தைந்து வருஷமாக உன் முகத்தைப் பார்த்து இதை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நம் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் எல்லாவற்றையும் சர்வீஸில்தானே அளப்போம். ஒருவருக்கு என்ன வயசு என்று இங்கே யாரும் கேட்பதில்லை, "இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்றுதான் கேட்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ், ஊரில் வீடு, எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியாக வேண்டும். காலண்டருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தது, எங்கள் வீட்டிலும் இருந்தது. நீ பி.எஸ்ஸி. முடித்தபோது உங்கப்பாவுக்குச் சரியாக இரண்டு வருஷம் பாக்கி. எம்.எஸ்ஸி.யும் இரண்டு வருஷம். "ரெண்டும் ஒரே மாசத்துல முடியுது பாத்தியா, அளவெடுத்துத் தச்ச மாதிரி" என்று அவர் என்னிடமே சந்தோஷமாகச் சொன்னார். வீடு வீடாகப் போய் சாக்லேட் கொடுத்தார்.

அப்போது உனக்கு இன்னொரு வழியும் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலை லேபில் டிரெய்னியாக வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. மாசம் இரண்டாயிரத்து எண்ணூறு. நீ அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாசம். இதே டவுன்ஷிப்பில் எனக்கென்று ஒரு குவார்ட்டர்ஸ், பெர்மனென்ட் வேலையில் புருஷன். உலகமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. நீ கேட்டாய், "என்னடி பண்ணட்டும்? எனக்கு இந்த வேலைக்குப் போகலாம்னு இருக்கு." நான் யோசிக்கக்கூட இல்லை. "பைத்தியமா உனக்கு? அப்பா சர்வீஸ்ல இருக்கறப்பவே எம்.எஸ்ஸி. முடிச்சிடு. பேருக்குப் பின்னாடி எம்.எஸ்ஸி.ன்னு இருந்தா கம்பெனியிலயே எடுத்துக்குவாங்க. டிரெய்னியாம் டிரெய்னி" என்றேன். நீ சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து உள்ளே வைத்தாய். அப்பாவின் ஒன்றரை லட்சத்தில் வெளியூர் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாய். அந்த மருந்துத் தொழிற்சாலைக்கு உனக்குப் பதிலாக யார் போனார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம், விசாரிக்கவே இல்லை.

அந்த இரண்டு வருஷம் உன் கடிதங்கள் வரும். கடிதம் முழுக்க மெஸ் சாப்பாட்டைத் திட்டியிருப்பாய், கடைசியில் ஒரு வரி லேபைப் பற்றி. அந்த ஒரு வரியில்தான் நீ இருப்பாய். முடித்து வந்தாய். அப்பா ரிட்டையர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தீர்கள், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அவர் கணக்கில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஆனால் அப்பாவின் சம்பளம் என்றைக்கு நிற்கும் என்றுதான் நாமெல்லாம் எண்ணினோம். பிள்ளையின் சம்பளம் என்றைக்குத் தொடங்கும் என்று ஒருத்தரும் எண்ணவில்லை. நீ பரீட்சைகள் எழுதினாய். ஒன்றில் நேர்காணல் வரைக்கும் போனாய். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சேர்ந்தாய். அதற்கப்புறம்தான் வடலூரில் தண்ணீர் சோதிக்கிற அந்தச் சின்ன லேப். உன் கல்யாணத்துக்கென்று உங்கப்பாவிடம் மிச்சம் எதுவும் இல்லை. வந்த இரண்டு வரன்களும் "பொண்ணு அதிகம் படிச்சிருக்கு" என்று போய்விட்டன. உங்கப்பா போனபின் நீயும் அம்மாவும்தான்.

ஒரு தடவைகூட நீ என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு அழுது தீர்த்திருப்பேன். பாவி, அந்த வாய்ப்பைக்கூட நீ கொடுக்கவில்லை.

நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடம் பேச்சை எடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, இவர் மண்வெட்டும் இயந்திரத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் நாலு வார்த்தை பேசுவதே பெரிசு. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வூட்ட கட்டுவனா, இவள படிக்க வெப்பனா? ரெண்டையும் செய்யின்னா நான் இன்னா பண்ணுவேன், மேரி?"

"பேங்க்ல கடன் கேக்கலாமே."

"போய்ட்டுத்தான் வந்தேன். மேனேஜர் பேப்பர பாத்துக்கினே 'கெமிஸ்ட்ரிக்கா?'ன்னாரு. அவ்ளோதான் கேட்டாரு. நான் எழுந்து வந்துட்டேன்."

"அவர் தப்பா ஒண்ணும் கேக்கலையே."

"தப்பில்லதான். அதான் எழுந்துட்டேன். நான் ரிட்டையராயி வூட்ல உக்காரச் சொல்ல, அவ கடனத் தூக்கிக்கினு வேல தேடணுமா?" கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், "நீயே சொல்லு. நீ கட்டுன்னா கட்டறேன், வாணாம்னா வுட்டுடறேன். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பார்த்தாயா? நீயே சொல்லு என்கிறார். உன்னிடம் ஒருதடவை சொன்னவள் நான். இன்னொருதடவை எப்படி வாயைத் திறப்பேன்? மாதா கோவிலுக்கும் போய் உட்கார்ந்தேன். மாதா கெமிஸ்ட்ரி படிக்கவில்லை, அவளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜெனி ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. அடம் பிடித்தால் ஓங்கி ஒரு அறை விடலாம். அவள் சோப்பு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஷாம்பு, பினாயில், இவருடைய ரத்த அழுத்த மாத்திரை அட்டை, எதுவானாலும் பின்பக்கத்தைப் படித்து, "அம்மா, இதுலயும் அதுலயும் ஒரே சாமான்தான், விலைதான் வேற" என்பாள். அவளை நீ ஊக்கப்படுத்தியதே கிடையாது. ஒன்பதாவதில் உன்னிடம் வந்து, "அத்தை, நானும் கெமிஸ்ட்ரி படிக்கட்டா?" என்று கேட்டபோது, "கம்ப்யூட்டர் படிடி, ஏசி ரூம்ல உக்காரலாம்" என்று விரட்டினாய்.

அன்று அவள் வெளியே போனதும் ஒரு பழைய ரிப்போர்ட் தாளைத் திருப்பிப் போட்டு எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாய். ஸ்கூலில் மூவாயிரத்து ஐந்நூறு. வாடகை ஆயிரத்து இருநூறு, பஸ்ஸுக்கு ஐந்நூறு. மிச்சம் ஆயிரத்து எண்ணூறு. "ஒன்றரை லட்சத்த இதால வகுத்துப் பாரு. ஏழு வருஷம். இந்த ஏழு வருஷமும் நானும் எங்கம்மாவும் பச்சத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தோம்னு வெச்சுக்க. அந்தத் தண்ணியோட பி.எச். வேணா நான் சொல்றேன்" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ பேனாவை மூடிவிட்டு, "வேணாம்டி. அவள இதுல விடாத" என்றாய். தெளிவாகச் சொன்னாய். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் நீ அதோடு நிறுத்தினாயா? அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் ஏதோ வேலையாக வடலூர் வந்தவள், சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று உன் லேபில் உட்கார்ந்திருந்தேன். வடக்குத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். ஜூஸ் பாட்டிலில் போர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம், ரிப்போர்ட் வாங்க வந்தார். நீ தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. உட்கார வைத்தாய்.

"வீட்ல கைக்குழந்தை யாராச்சும் இருக்காங்களா ஐயா?"

"பொண்ணு பிரசவத்துக்கு வந்துக்கினு கீது. ரெண்டு மாசக் கொழந்த."

"தாய்ப்பாலா, பவுடரா?"

"பவுடர்தாம்மா. பால் சரியா ஊறலன்னாங்க."

"இந்தத் தண்ணில பவுடர் கலக்காதீங்க. காய்ச்சினாலும் வேணாம். உரத்துல இருக்கற சத்து தண்ணில எறங்கியிருக்கு. உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது, குழந்தைக்கு ஆகாது. இன்னைக்கே நிறுத்திடுங்க."

அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். நீ இரண்டு முறையும் பொறுமையாகச் சொன்னாய். எழுந்திருக்கும்போது உன்னை டாக்டரம்மா என்றார். நான் இன்னும் கண்ணால் பார்க்கிறேன், அந்த நேரத்தில் உன் முகத்தை. என்னுடைய இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் என் முகம் ஒருதடவைகூட அப்படி ஆகியிருக்காது. எனக்குப் பொறாமையாக இருந்தது, இன்று சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டேன். "அப்ப படிச்சது வீண் இல்லதானே?" ஒரு பஸ் வந்து, நெரிசலைப் பார்த்து அதை விட்டுவிட்டோம். அப்புறம் சொன்னாய்: "அந்த ஏழு வருஷத்தையும் இந்தக் கால் மணி நேரத்தையும் ஒரே தராசுல வெக்கச் சொல்றியா? எனக்கு வெக்கத் தெரியலடி, மேரி." அவ்வளவுதான். அடுத்த தைப்பூசத்துக்கு முந்தின வாரம் காலையில் தலைவலிக்கிறது என்று லீவு சொன்னாய், மத்தியானம் நீ போய்விட்டாய் என்று உன் அம்மா எனக்குப் போன் பண்ணினார்கள். பேசிப் பாதியில் விட்ட பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

இப்போது நான் என்ன செய்யட்டும்? நீ வேண்டாம் என்றதை எடுத்துக்கொள்ளவா, தெரியவில்லை என்றதை எடுத்துக்கொள்ளவா? உன் பதினேழாயிரத்தை எழுத எனக்குத் தெரிகிறது. அந்தக் கால் மணி நேரத்தை அந்தத் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது?

இவர் முதல் ஷிப்டிலிருந்து வருகிற நேரமாகிவிட்டது. சோறு வைக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மணி ஏழாகப் போகிறது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் எழுந்தபோது கட்டிவிடலாம் என்று இருந்தது. பத்து மணிக்கு வடக்குத்து மனை ஞாபகம் வந்து வேண்டாம் என்றாகிவிட்டது. ஒரு மணிக்கு மறுபடியும் கட்டிவிடலாம். ஜெனி சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க மந்தாரக்குப்பம் போயிருந்தாள். எந்தக் கல்லூரியானாலும் அது தேவைப்படும் இல்லையா. இவர் மூன்று மணிக்கு வந்தார். என்ன முடிவு என்று கேட்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். தன் போனில் பணம் கட்டுகிற பக்கத்தைத் திறந்து, முதல் தவணைத் தொகையைப் போட்டு, கடைசி பொத்தானை மட்டும் அழுத்தாமல் என் மடியில் வைத்துவிட்டு வாசலில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் அணைந்து போகும். மறுபடி உள்ளே கூப்பிட்டுத் திறந்து வாங்குவேன். மறுபடி அணையும். இப்படி மூன்று தடவை.

நான்கு மணிக்கு ஜெனி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கட்டிட்டீங்களாம்மா?" என்றாள்.

"இன்னும் இல்லடி. இப்பத்தான்..."

"கட்டாதீங்க. நான் அந்த சாருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன். மேத்ஸ்லயே சேந்துக்கறேன்."

"ஏன்டி?"

"மேத்ஸும் நல்லாத்தாம்மா இருக்கும்."

அப்போது என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. நான் சொல்லவில்லை, தானாக வந்தது. மூட்டையை இறக்கி வைக்கிறவன் வாயிலிருந்து வருமே, அந்த மாதிரி. "அப்பாடா."

அவள் காதில் விழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அழவும் இல்லை. தனக்குத் தெரிந்ததுதான், இப்போது காதாலும் கேட்டாயிற்று என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு ஜெராக்ஸ் கவரை டேபிள் மேல் வைத்துவிட்டு, "டீ போடட்டாம்மா? அப்பாவுக்கும் சேத்துப் போடறேன்" என்று உள்ளே போனாள்.

மணி நான்கு தாண்டி ஐந்து நிமிஷம். ஐந்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. அவள் வேண்டாம் என்று போனில்தான் சொல்லியிருந்தாள், அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்டு, "இல்ல தம்பி, கட்டறோம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் என் மடியிலேயே இருந்தது. அவள் கொண்டு வந்த டீயைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. இவர் வாசலிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்கரை ஆயிற்று. நான்கே முக்கால் ஆயிற்று. ஜெனி டம்ளர்களைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. ஐந்து மணி அடித்தபோதுதான் நான் எழுந்தேன்.

வீடு எழும்பிவிடும். மூன்று வருஷத்தில் குடிபோவோம். அவளும் கணிதத்தில் நன்றாகத்தான் வருவாள், எதைக் கொடுத்தாலும் படிக்கிற பிள்ளை. நாளைக்கு யார் கேட்டாலும், அவளேதான் வேண்டாம் என்றாள் என்று நான் சொல்லலாம், அது பொய்யும் இல்லை. உன்னிடம் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அவள் விட்டுக்கொடுத்த நிமிஷத்தில் எனக்கு வலிக்கவில்லை, நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பெற்ற மகள் காதால் கேட்டாள். இனி நான் அவளுக்கு எது செய்தாலும் அந்த "அப்பாடா"வுக்குப் பிறகு செய்ததாகத்தான் இருக்கும்.